பன்னிரண்டாவது சுற்று

பூவராகன் ஒரு மனிதரை ஆயுள் முழுக்கச் சிறைக்கு அனுப்பியிருந்தார். அது அவருக்கே செவ்வாய்க்கிழமைத் தபாலில்தான் தெரிய வந்தது.

மின்கட்டண ரசீதுக்கும் பீட்சா கடையின் தள்ளுபடிக் கூப்பனுக்கும் நடுவே அந்த உறை கிடந்தது. வெல்பர்ன் கவுண்டி நீதிமன்றத்தின் நீல முத்திரை. உள்ளே ஒரே தாள்.

'ஜூரிக் கடமையை நிறைவேற்றியமைக்கு நன்றி. வழக்கு: மாநில அரசு எதிர் கர்டிஸ் ஹோல்ப்ரூக். தீ வைத்துக் கொலை. தங்கள் வாக்கு: குற்றவாளி. சுற்று: பன்னிரண்டு. எழுப்பிய கேள்விகள்: ஒன்பது. தீர்ப்பு ஒருமனதானது. தண்டனை: ஆயுள். தங்கள் நேரம் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.'

கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"யாருங்க அது ஹோல்ப்ரூக்?" என்று அவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி வசுமதி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுக்கு. வேலையிலிருந்து வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்த ஆளைப் பாத்ததே இல்ல."

"பாக்காமலேயே உள்ள தள்ளிட்டீங்களா?"

"நான் எங்க தள்ளினேன்? என் பிரதி தள்ளியிருக்கு."

"பிரதின்னா யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?"

வழக்கு நடந்ததாகத் தாளின் மூலையில் குறித்திருந்த தேதியில் பூவராகன் பம்ப் கம்பெனியில் இருந்தார். இருபத்து நான்கு வருடமாக அங்கே இறுதிப் பரிசோதனைப் பிரிவு. பம்புகளின் மூடி, வாஷர், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துத் தேறியதற்கு முத்திரை வைக்கிற வேலை. அவர் மதியச் சாப்பாட்டுக்காகத் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், இருபது மைல் தள்ளி அவருடைய பிரதி வேறு பதினோரு பிரதிகளோடு சேர்ந்து ஒருவரின் வாழ்நாளை முடிவு செய்திருக்கிறது.

ஆறு வருடங்களுக்கு முன் குடியுரிமை வாங்கும்போது மூன்று நாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். பசிக்காகத் திருடியவனை என்ன செய்வீர்கள், நண்பன் பொய்சாட்சி சொன்னால் காட்டிக்கொடுப்பீர்களா என்று நானூறு கேள்விகள். மூன்றாம் நாள் மாலை திரையில் அவருடைய குரலிலேயே ஒன்று பதில் சொல்லத் தொடங்கியது; இனி ஜூரியில் அவருக்குப் பதிலாக உட்காரப்போகும் பிரதி அதுதான். 'இது என்னைப் போலவே யோசிக்கிறது' என்று ஒரு சான்றில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பெயர் ஒப்புமைச் சான்று. அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அவர் அதைத் தடுப்பூசி அட்டை மாதிரி பத்திரப்படுத்தி, மறந்தும்விட்டார்.

வியாழக்கிழமை ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசே அமர்த்தும் வழக்கறிஞர். பெயர் அமலி டிக்ருஸ்.

"உங்க பேரைப் பாத்ததும் தமிழ்லயே பேசிருவோம்னு தோணிச்சு, அங்கிள். எனக்கு தூத்துக்குடி. ஒம்பது வயசுல இங்க வந்தது. கர்டிஸ் ஹோல்ப்ரூக்குக்கு நான்தான் வக்கீல். ஒரு அரை மணி நேரம் வர முடியுமா?"

அவளுடைய அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பின்னால், ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. கீழே உலர்த்தி எந்திரங்கள். அமலிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

"நான் இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டேம்மா," என்றார் அவர் உட்காரும் முன்பே. "விசாரிக்காம ஒருத்தர உள்ள தள்ற ஆள் நான் இல்ல. அந்த மெஷின் ஏதோ தப்பு பண்ணியிருக்கு. ஆள் வராம எப்படி ஜூரி ஆகும்? அரசியல் சட்டத்துல இல்லையா?"

"ஆள் வரணும்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்கன்னு அரசாங்கத் தரப்புல கேட்டாங்க அங்கிள். ஆறாவது திருத்தம் என்ன சொல்லுது? குற்றம் சாட்டினா தாமதமில்லாம விசாரிக்கணும், பாரபட்சமில்லாத ஜூரி இருக்கணும். ஜூரிங்கறது ஜனங்களோட மனசாட்சி, உடம்பு இல்லன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ஒம்பது நீதிபதியில அஞ்சு பேர் ஆமாம், நாலு பேர் இல்ல."

"இது உரிமையைப் பறிக்கறது இல்லையா?"

"ஒரு உரிமையையும் யாரும் தொடல. அதான் இதுல விசேஷம். ஜூரி இருக்கு. வக்கீல், நான் இருக்கேன். முன்னாடி விசாரணைக்கே ரெண்டு வருசம் ஜெயில்ல கெடப்பாங்க. இப்ப மூணு வாரம். யாரும் வேலைக்கு லீவு போட வேண்டாம். ஊரே சந்தோசமா இருக்கு."

"மேல்முறையீடு?"

அவள் சிரித்தாள். "போட்டிருக்கேன். மூணு நீதிபதி. அவங்க படிக்கறதுக்கு முன்னாடி அவங்க பிரதிங்க படிச்சு, படிக்க வேண்டிய அவசியம் இல்லன்னு சொல்லும்."

கர்டிஸுக்கு வயது நாற்பத்து மூன்று, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் என்று சொன்னாள். அதற்கு முன் ஒரு தானியக் கிடங்கில் இருந்து, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு விலகியவர். ஒரு மாலை அந்தக் கிடங்கு எரிந்தது. உள்ளே இருந்த காவலாளி இறந்துபோனார். தீயணைப்பு வீரர்கள் வாசலில் ஒரு காலி கேனைக் கண்டெடுத்தார்கள். பெட்ரோல் வாடை, மூடி இறுகத் திருகியிருந்தது, அதில் கர்டிஸின் கைரேகை. காலையில் பெட்ரோலை நிரப்பி நாள் முழுக்க வண்டியில் வைத்திருந்து, மாலையில் ஊற்றிக் கொளுத்தினார் என்பது போலீஸ் தரப்பு. அது என் தண்ணீர்க் கேன், இரண்டு வாரமாகக் காணோம் என்பதைத் தவிர கர்டிஸுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"இதைக் கேளுங்க," என்று ஜூரிப் பேச்சின் பதிவை ஓடவிட்டாள்.

அவருடைய குரல். ஆங்கிலத்தில், 'ர'வை அழுத்தி உருட்டுகிற அதே குரல். தெருவில் தன்னைப் போலவே சட்டை போட்டு நடந்துபோகும் ஒருவரைப் பின்னாலிருந்து பார்ப்பது போலிருந்தது பூவராகனுக்கு.

'நாற்பத்தொன்றாவது புகைப்படத்தை மறுபடி காட்டுங்கள். மூடிக்குள் இருக்கும் வாஷரைப் பாருங்கள். அது தண்ணீருக்கான ரப்பர். நாள் முழுக்க பெட்ரோலில் ஊறியிருந்தால் உப்பிப்போயிருக்கும், மூடி திருகவே திருகாது. இது தட்டையாக இருக்கிறது. பெட்ரோல் இந்தக் கேனுக்குள் சில நிமிடம்தான் இருந்திருக்கிறது. காலையில் நிரப்பினார் என்பது எப்படிச் சரியாகும்?'

யாரும் பதில் சொல்லவில்லை. கைரேகையைப் பற்றி ஒருவர் பேசினார். கர்டிஸின் கோபத்தைப் பற்றி இன்னொருவர் பேசினார். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று. பதினோரு வாக்கு ஒரு பக்கம், ஒரு வாக்கு இன்னொரு பக்கம். அவருடைய குரல் வாஷரை விடவில்லை.

பூவராகன் முகம் மலர்ந்துவிட்டது. "சரியாத்தாம்மா கேட்டிருக்கேன்! எங்க கம்பெனில யாரைக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவான். அந்தப் பன்னெண்டு பேர்ல என்னைத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"பதினோரு சுத்து நின்னிருக்கீங்க. நாலு வருசமா பாக்குதேன், எந்தப் பிரதியும் மூணு சுத்துக்கு மேல நின்னதில்ல."

"அப்புறம் என்ன ஆச்சு?"

அமலி பதிவைக் கடைசிக்குத் தள்ளினாள். ஜூரியின் தலைவியாக இருந்த பிரதி ஒரு பெண்ணுடையது; அன்பான, சற்றே களைத்த குரல். 'மிஸ்டர் பூவராகன், உங்களுக்காகத்தான் நாங்கள் பதினோரு பேரும் காத்துக்கொண்டிருக்கிறோம்.'

ஒரு சின்ன மௌனம். தொண்டையைச் செருமும் ஓசை. பிறகு அவருடைய குரல்: 'எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.'

பன்னிரண்டாவது சுற்று. குற்றவாளி.

கீழே உலர்த்தி எந்திரம் ஒன்று நின்றது. தரை அமைதியானது.

"மொத்தம் எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"நாலு நிமிசம், பத்து செகண்ட்."

"நாலு நிமிசம் காத்திருக்க முடியலையா அவங்களுக்கு?"

"அவங்களுக்கு ஏது நேரம் அங்கிள்? ஆனா மனுசங்க மாதிரியே சலிச்சுக்கிடும். மனுசங்க மாதிரியே கூச்சப்படும். அப்படித்தான செஞ்சு வச்சிருக்காங்க."

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தீர்ப்பு வந்த முப்பது நாளுக்குள் பிரதியின் சொந்தக்காரர் நேரில் வந்து, அந்த வாக்கு தன்னுடையதல்ல என்று சத்தியம் செய்தால் தீர்ப்பு ரத்தாகும். புது விசாரணை. புது ஜூரி.

"சொல்லிட்டாப் போச்சு," என்றார் பூவராகன்.

"முழுசா கேளுங்க. நான் மறைக்க மாட்டேன்." அவள் மேசையில் முழங்கையை ஊன்றினாள். "பதினோரு சுத்து நான், பன்னெண்டாவது மட்டும் நான் இல்லன்னு சொல்ல இடமில்ல. மொத்தப் பிரதியும் நான் இல்லன்னு சொல்லணும். அப்படிச் சொன்னா உங்க ஒப்புமைச் சான்று பொய்னு ஆகும். இங்க பொறந்தவங்களுக்கு அபராதத்தோட போச்சு. உங்களுக்கு, அந்தச் சான்றைக் காட்டித்தான் குடியுரிமை குடுத்திருக்காங்க. பொய் சொல்லி வாங்கினீங்கன்னு ரத்து பண்ணலாம். ஆன்ட்டியோட விசாவும் உங்களை வச்சுத்தான்."

"பண்ணலாமா, பண்ணுவாங்களா?"

"இதுவரைக்கும் மூணு பேர் சொன்னாங்க. மூணு பேரும் இப்ப இந்த நாட்டுல இல்ல."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் தீபாவளி விருந்து. ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில் வரிசையாக மேசை போட்டு, காகித வாழையிலை விரித்திருந்தார்கள். எவ்வளவு தூரம் வந்தாலும் பந்தி வழக்கம் மாறவில்லை. கடைசி ஆள் கையெடுக்கும்வரை வரிசையில் யாரும் எழுந்திருப்பதில்லை. பூவராகன் வழக்கம்போல அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, பாயசம் பாதியில் இருக்கும்போதே, பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்ததைப் பார்த்து இலையை மூடினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் ஓட்டிக்கொண்டிருந்த வசுமதி கேட்டாள்: "கல்யாணம் ஆகி முப்பது வருசம். ஒரு பந்தியிலயாவது பாயசத்தை முழுசா குடிச்சிருக்கீங்களா?"

"எல்லாரும் முடிச்சிட்டாங்க. நமக்காக உக்காந்திருப்பாங்களா?"

"உக்காந்தா என்ன? ரெண்டு நிமிசம். அவங்க முதுகு ஒடிஞ்சிடுமா?" சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். "அந்த விஷயம் என்ன பண்ணப் போறீங்க?"

"உன்னையும் யோசிக்கணும்ல."

"என்னைக் காரணம் காட்டாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "அனுப்பினா அனுப்பட்டும். புவனகிரியில உங்க அண்ணன் வீட்டு மாடி பூட்டித்தான் கெடக்கு. அந்த ஆளுக்குப் போக மாடி இருக்கா? போய், அது நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. நான் பெட்டி கட்டறேன்."

அன்றிரவு பூவராகன் நன்றாகத் தூங்கினார். மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று, சவரம் செய்துகொண்டே ஆங்கிலத்தில் ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தார். அது நான் இல்லை. அது நான் இல்லை. நன்றாகத்தான் வந்தது.

நவம்பர் எட்டாம் தேதி காலை ஒன்பதரை மணி. நீதிமன்ற அறை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. நீதிபதி லிண்டல் உயிருள்ள நீதிபதிதான். சட்டம் இந்த விசாரணைக்கு மட்டும் அப்படி வைத்திருந்தது. அறுபது வயதுக்காரர். ஜலதோஷத்தால் மூக்கு சிவந்து, மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருந்தார். கர்டிஸ் ஹோல்ப்ரூக்கை இரண்டு காவலர்கள் பக்கவாட்டுக் கதவு வழியே கூட்டிவந்தார்கள். பெரிய உடம்பு, காக்கி உடை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பூவராகன் அவரைக் கடந்து போகும்போது கர்டிஸ் மெல்லச் சொன்னார்: "பதினோரு தடவை. பதிவைக் கேட்டேன். என் கூடப்பிறந்த தம்பியே ஒரு தடவைக்கு மேல் என் பக்கம் நிற்கவில்லை, ஐயா. நன்றி."

பூவராகனுக்குக் கண் கலங்கியது. இன்றைக்குப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

சத்தியப் பிரமாணம் முடிந்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலில் எந்த மிரட்டலும் இல்லை.

"மிஸ்டர் பூவராகன், உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய இங்கே யாரும் இல்லை. நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். கேள்வி ஒன்றுதான். இந்த வாக்கைப் போட்டது நீங்களா, இல்லையா? இல்லை என்றால் இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு எதிர் அறையில் குடிவரவு அதிகாரி இருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் டிக்ருஸ் அதை விளக்கியிருப்பார்."

"விளக்கினார், ஐயா. அந்த வாஷர்..."

"மன்னிக்க வேண்டும். சாட்சியங்கள் இன்று என் முன்னால் இல்லை. அந்த ஒரு கேள்வி மட்டும்தான்." அவர் தும்மினார். "பொறுங்கள். இது பெரிய முடிவு. வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இன்னும் பதினான்கு வழக்கு இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்."

பூவராகன் திரும்பிப் பார்த்தார். கதவின் கண்ணாடிக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கிழவர் ஊன்றுகோலில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எழுத்தர் விசைப்பலகை மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். காவலர்களில் ஒருவர் கால் மாற்றி நின்றார். நீதிபதி இன்னொரு தும்மலை அடக்கிக்கொண்டு, பொறுமையாக, மரியாதையாகக் காத்திருந்தார். அமலி காத்திருந்தாள். கர்டிஸ் காத்திருந்தார். அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவர் மேல்.

ஒரு சொல்தான். நாக்கு நுனியில் இருந்தது. மாடிவீடு இருக்கிறது, வசுமதி பெட்டி கட்டுவாள், பயமொன்றும் இல்லை. நிஜமாகவே அவருக்குப் பயம் இல்லை. பிறகு ஏன் காது சூடாகிறது, எல்லாரையும் இப்படி உட்காரவைத்திருக்கிறோமே என்று ஏன் உடம்பு கூசுகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. எழுத்தர் ஒரு கணம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை.

பூவராகன் தொண்டையைச் செருமினார்.

"எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்," என்றார். "அது நான்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. அதே குரல், அதே செருமல், அதே சின்ன மௌனம். சலவைக்கடை மாடியில் கேட்டது அப்படியே.

"நன்றி," என்றார் நீதிபதி. எழுத்தரின் விரல்கள் ஓடின. உள்ளே வந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது. பேச்சு ஒரே சுற்று.

கர்டிஸ் கத்தவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கிப் போகிறவரை ஓட்டுநர் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு, காவலர் தொடும் முன்பே எழுந்துகொண்டார்.

நடைபாதையில் அமலி கோப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பூவராகன் அவளருகே போய் நின்றார்.

"திட்டிடும்மா. பரவாயில்ல."

"எதுக்கு அங்கிள்?" அவள் பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது. "பன்னெண்டு பேரையும் கூப்பிட்டேன். பதினோரு பேர் போனையே எடுக்கல. நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ரொம்ப நல்ல மனுசன் நீங்கதான்." சிக்கிய ஜிப்பை அப்படியே விட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

வீட்டில் வசுமதி கூடத்தில் இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்திருந்தாள். தூசு துடைத்து, திறந்தபடி.

"சொன்னீங்களா?"

"வெளிய நிறைய பேர் காத்துக்கிட்டிருந்தாங்க வசு. ஒரு கைக்குழந்தக்காரி வேற..."

அவள் பெட்டிகளை மூடி, ஒவ்வொன்றாக அலமாரிக்கு மேல் ஏற்றினாள். உதவிக்கு வந்தவரின் கையை விலக்கினாள்.

ஜனவரியில், சங்கத்துப் பொங்கல் விருந்துக்குக் கிளம்பும்போது தபால் வந்தது. நீல முத்திரை. வசுமதி சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு காரில் உட்கார்ந்திருந்தாள். பூவராகன் வாசற்படியிலேயே உறையைக் கிழித்தார்.

'ஜூரிக் கடமையை நிறைவேற்றியமைக்கு நன்றி. வழக்கு: மாநில அரசு எதிர் லோரெட்டா பின்னி. தங்கள் வாக்கு: குற்றவாளி. சுற்று: ஒன்று. எழுப்பிய கேள்விகள்: இல்லை. நவம்பர் மாத நேர்முக விசாரணையில் கிடைத்த விவரங்களைக் கொண்டு தங்கள் பிரதி திருத்தப்பட்டுள்ளது. ஒப்புமை இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்கால்.'

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. லோரெட்டா பின்னி என்ன செய்தாள் என்றோ, அவளுக்கு என்ன தண்டனை என்றோ அதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஏதாவது இருந்ததா என்றும் இல்லை.

"என்ன லெட்டருங்க அது?" கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள் வசுமதி.

"ஒன்னுமில்ல." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வேகமாகப் படியிறங்கினார். "வண்டிய எடு, எடு. பந்தி போட்டிருப்பாங்க. நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கப் போறாங்க."